கையடக்கத் தொலைபேசியும் நிலத்தடி உலோகமும்

கையடக்கத் தொலைபேசியைக் கொண்டு நிலத்துக்கு அடியில் உள்ள உலோகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எம்மிடம் வினவும் வாசகர்களின் தொகை அண்மைக் காலமாக அதிகரித்து வருகின்றது. வினவுபவர்களின் தேவைகள் வெவ்வேறானவை. சுவரில் துளையிடுவதற்கு முன்னர் உள்ளே கம்பி செல்கின்றதா என்று அறிய விரும்புகின்றார் ஒருவர். தோட்டம் கொத்தும்போது கழன்று விழுந்த தோட்டினைத் தேடுகின்றார் ஒரு பெண்மணி. இடப்பெயர்வின்போது கிணற்றடியில் புதைத்துவிட்டு ஓடிய நகைகளை, திரும்பி வந்த பின்னர் எந்த இடத்தில் என்று நிதானிக்க முடியாமல் தவிக்கின்றார் ஒரு முதியவர். பல வருடங்களாகப் பற்றைக்காடாகக் கிடக்கும் தமது காணியைத் துப்புரவு செய்யும் முன்னர், ஆபத்து ஏதும் புதைந்துள்ளதா என்பதைத் தமது தொலைபேசியாலேயே சோதித்துக்கொள்ளலாமா என்று கேட்கின்றார் ஓர் இளைஞர்.

இவற்றுள் முதல் மூன்று வினாக்களுக்கும் நாம் தவறான விடை அளித்தால் ஏமாற்றமோ சிறு நட்டமோ மாத்திரமே ஏற்படும். நான்காவது வினாவுக்குத் தவறான விடை அளித்தால் ஒரு குடும்பம் தன் பிள்ளையை இழக்கும். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக விளக்குவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

உலோகத்தைக் கண்டறிவதாகக் கூறும் செயலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. தரவிறக்கம் செய்து திறந்ததும் திரையில் ஓர் எண் தோன்றும். இரும்புப் பொருளொன்றின் அருகே கொண்டு செல்கையில் அந்த எண் உயரும். தொலைபேசி ஒலி எழுப்பும். இது கண்கட்டு வித்தையல்ல. தொலைபேசிக்குள் உண்மையாகவே ஓர் உணரி இருக்கின்றது. ஆனால் அந்த உணரி எதனை உணர்கின்றது என்பதில்தான் மயக்கம் உள்ளது. அது உலோகத்தை உணர்வதில்லை. காந்தப் புலத்தை மாத்திரமே உணர்கின்றது.

2008 ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது அன்ட்ராய்ட் தொலைபேசியிலும், 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ் ரகத்திலும் திசைகாட்டி ஒன்று இணைக்கப்பட்டது. வரைபடத்தைப் பார்ப்பவர் எத்திசை நோக்கி நிற்கின்றார் என்பதைத் தொலைபேசி அறிந்துகொள்வதே அதன் நோக்கமாகும். இதற்காகப் பொருத்தப்படும் மிகச்சிறிய உறுப்பே காந்தமானி என்பதாகும். 1879 ஆம் ஆண்டில் எட்வின் ஹோல் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர் கண்டறிந்த ஒரு விளைவையே பெரும்பாலான தொலைபேசிகளின் காந்தமானிகள் பயன்படுத்துகின்றன. மெல்லிய கடத்தி ஒன்றினூடாக மின்னோட்டம் செல்லும்போது அதன் குறுக்கே காந்தப் புலம் இருக்குமாயின், மின்னேற்றங்கள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு இரு ஓரங்களுக்கும் இடையே மிகச்சிறிய மின்னழுத்தம் தோன்றும். அதனை அளந்தால் காந்தப் புலத்தின் வலிமை தெரியவரும். மூன்று திசைகளில் இவ்வாறு அளந்து கூட்டிப் பார்ப்பதன் மூலம் தொலைபேசி வடக்கை அறிகின்றது.

பூமியின் காந்தப் புலம் உலகின் வெவ்வேறு பகுதிகளில் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோ டெஸ்லா வரை வேறுபடுகின்றது. இலங்கையில் அது 40 மைக்ரோ டெஸ்லா அளவில் உள்ளது. வெட்டவெளியில் நின்று செயலியைத் திறப்பவர் இந்த எண்ணுக்கு அண்மையான ஒன்றையே காண்பார். இரும்புப் பொருள் ஒன்று அருகில் வரும்போது அது பூமியின் காந்தப் புலத்தைத் தன்பால் வளைத்துக்கொள்கின்றது. அப்பொருள் ஏற்கெனவே சிறிதளவு காந்தமேறியிருந்தால் தனது புலத்தையும் சேர்க்கின்றது. செயலி காட்டும் எண் இதனாலேயே மாறுகின்றது. "இங்கு உலோகம் உண்டு" என்று தொலைபேசி எமக்கு அறிவிப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது "இங்கு வடக்கு சற்றுக் குழம்பியுள்ளது" என்று மாத்திரமே கூறுகின்றது.

இதிலிருந்து முதலாவது வரையறை பெறப்படுகின்றது. இரும்பு, உருக்கு, நிக்கல், கோபால்ட் போன்ற காந்தத் தன்மையுள்ள உலோகங்களை மாத்திரமே இந்த உணரி அறியும். தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியவை அதற்குக் காற்றும் மண்ணும் போன்றவையே. தங்கம் காந்தப் புலத்தில் முற்றாகவே மாற்றம் செய்வதில்லை என்று கூறிவிட முடியாது. ஆனால் தொலைபேசியோடு ஒட்டி வைத்தாலும் அம்மாற்றம் ஒரு மைக்ரோ டெஸ்லாவின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கும். தொலைபேசியின் உணரியால் அதனைப் பிரித்தறிய இயலாது. எனவே "தங்கம் கண்டறியும் செயலி" என்ற பெயரில் வருபவை யாவும் தம்மால் ஆகாததைக் கூறி விற்பவையே என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது வரையறை தூரம் சம்பந்தப்பட்டது. சிறிய இரும்புத் துண்டு ஒன்று ஏற்படுத்தும் காந்த மாற்றம் தூரத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறைகின்றது. எளிதாகக் கூறுவதானால், தூரம் இரண்டு மடங்காகும்போது விளைவு எட்டில் ஒன்றாகின்றது. 2 சென்ரிமீற்றர் தூரத்தில் 80 மைக்ரோ டெஸ்லா மாற்றத்தை ஏற்படுத்தும் பொருள், 4 சென்ரிமீற்றரில் 10 மைக்ரோ டெஸ்லாவையும், 8 சென்ரிமீற்றரில் 1.25 மைக்ரோ டெஸ்லாவையும், 16 சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 0.16 மைக்ரோ டெஸ்லாவையும் மாத்திரமே ஏற்படுத்தும். தொலைபேசியைக் கையில் பிடித்துச் சற்றுச் சாய்த்தாலே எண் சில மைக்ரோ டெஸ்லா கூடிக் குறையும். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் உள்ள காந்தமும் கைக்கடிகாரமும் கூட அதனைக் குழப்பும். ஆகவே ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் ஆணியின் குரல் இந்தச் சந்தடிக்குள் அமிழ்ந்து போய்விடுகின்றது. மண்ணுக்கடியில் கிடக்கும் பெரும் இரும்புத் தூணையோ வாகனத்தின் பாகத்தையோ சற்றுத் தூரத்தில் உணரலாம். சிறு பொருள்களை விரலளவு தூரத்துக்கு அப்பால் உணர முடியாது.

இதனை நாம் எமது அலுவலக மேசையிலேயே செய்து பார்த்தோம். கத்தரிக்கோலை அருகே வைத்தபோது எண் நூறைத் தாண்டியது. ஒரு சாண் தூரத்துக்கு அகற்றியபோது பழைய நிலைக்கே திரும்பியது. சக ஆசிரியர் ஒருவரின் தங்க மோதிரத்தைத் திரையின் மீதே வைத்தோம், எண் அசையவில்லை. செம்புக் கம்பியும் அலுமினியப் பாத்திரமும் அவ்வாறே. வாசகர்கள் தமது வீட்டில் இரண்டு நிமிடங்களில் இதனைச் செய்து பார்க்கலாம். பிள்ளைகளையும் அருகில் இருத்தி இதனைச் செய்யுமாறு நாம் கேட்டுக்கொள்கின்றோம். தொலைபேசி அறியாதது எது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, எமது நூறு அறிவுரைகளைக் கேட்ட பிள்ளையைவிடப் பாதுகாப்பாக இருக்கும்.

தொலைபேசி இவ்வாறாயின், உண்மையான உலோகம் கண்டறியும் கருவி எவ்வாறு தங்கத்தையும் செம்பையும் கண்டுகொள்கின்றது என்ற வினா எழுவது இயல்பானதே. அது காத்திருந்து கேட்பதில்லை. தானே கூவி எதிரொலியைக் கேட்கின்றது. அதன் வட்டமான தலைப்பகுதியில் கம்பிச் சுருள் உள்ளது. அதனூடாக மாறிமாறிச் செல்லும் மின்னோட்டம் மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்துகின்றது. அப்புலம் எந்த உலோகத்தின் மீது பட்டாலும் அதற்குள் சுழிப்பு மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்கென ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. கருவி உணர்வது அந்தப் பதிலையே. மின்னைக் கடத்தும் பொருள் எதுவாயினும் பதிலளிக்கும் என்பதால் தங்கமும் அலுமினியமும் அதற்குப் புலப்படுகின்றன. இவ்வாறு மண்ணுக்குள் புலத்தைச் செலுத்தும் சுருளோ அதற்கு வேண்டிய வலுவோ தொலைபேசியின் காந்தமானிக்குக் கிடையாது. எத்தகைய செயலியை ஏற்றினாலும் இல்லாத சுருள் வந்துவிடாது.

இவ்வகைக் கருவியின் வரலாறும் எமக்குப் பாடம் புகட்டுவதாகும். 1881 ஜூலை 2 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைக் கண்டுபிடிப்பதற்காக, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹம் பெல் தாமே ஒரு கருவியை அமைத்து வந்து சோதித்தார். கருவி பிழையானதல்ல. ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் உலோகச் சுருள்கள் இருந்தன. தலைமை மருத்துவரோ குண்டு வலப்பக்கத்தில் உள்ளதென நம்பி அப்பக்கத்தை மாத்திரமே சோதிக்க அனுமதித்தார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 19 ஆம் திகதி கார்ஃபீல்ட் காலமானார். நல்ல கருவியாக இருந்தபோதிலும், சூழலை அறியாமல் பயன்படுத்தினால் அது பொய் சொல்லும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது பிரித்தானியாவில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரியான யோசெஃப் கொசாட்ஸ்கி, ஒருவர் கையில் ஏந்திச் செல்லக்கூடிய கண்ணிவெடி கண்டறியும் கருவியை உருவாக்கினார். 1942 இல் எகிப்தின் எல் அலமெய்ன் சமர்க்களத்தில் இத்தகைய 500 கருவிகள் பயன்படுத்தப்பட்டன. அவர் தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாது அதனை பிரித்தானிய இராணுவத்துக்கே வழங்கினார். ஆனால் உலோகத்தைக் கண்டறியும் கருவி வந்ததும், உலோகமற்ற கண்ணிவெடி தேடப்பட்டது. ஜேர்மனியர் மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் மிதிவெடிகளைச் செய்தனர். அன்று தொடங்கிய அந்தப் போட்டியின் விளைவையே எமது மண்ணும் தாங்கி நிற்கின்றது.

இலங்கையில் மூன்று தசாப்த காலமாக நீடித்த யுத்தத்தில் இரு தரப்பினராலும் மிதிவெடிகள் விதைக்கப்பட்டன. இராணுவத்தினர் பயன்படுத்தியவற்றுள் பாகிஸ்தான் தயாரிப்பான பீ-4 ரகம் முக்கியமானது. விடுதலைப் புலிகள் மரப்பெட்டியால் ஆன ஜொனி மிதிவெடியையும், பின்னர் பீ-4 ரகத்தைப் பின்பற்றிய பிளாஸ்ரிக் மிதிவெடியையும் தாமே தயாரித்துப் பயன்படுத்தினர். இவற்றில் உள்ள உலோகம் மிகச் சொற்பமானது. வெடியைத் தூண்டும் சிறு குழாய், ஊசி, சுருள்வில் என்பவற்றுக்கு மேல் அதிகம் எதுவுமில்லை. அச்சிறு குழாய் அலுமினியத்தால் ஆனதாயின் தொலைபேசியைப் பொறுத்தவரை அது இல்லாத பொருளே.

இப்போது அந்த இளைஞரின் வினாவுக்குத் திரும்புவோம். தொலைபேசியை ஏந்தியபடி அவர் தமது காணிக்குள் நடந்து செல்கின்றார் எனக் கொள்வோம். மிதிவெடியின் மேலே தொலைபேசி செல்லும்போது அது மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தை அவர் பாதுகாப்பு எனக் கருதிக் காலை வைப்பார். மறுபுறத்தில், மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் மோட்டார் எறிகணை உருக்கினால் ஆனது. அதன் அருகே சென்றதும் தொலைபேசி உற்சாகமாக ஒலிக்கும். பழைய இரும்பு சேகரித்து விற்கும் ஏழைக் குடும்பத்துச் சிறுவனுக்கு அந்த ஒலி ஓர் அழைப்பாகவே படும். ஆக, மிதிக்கக் கூடாததைப் பற்றி இக்கருவி வாய் திறப்பதில்லை. தொடக்கூடாததை நோக்கியோ கைகாட்டி அழைக்கின்றது. வெடிக்காத பொருள்கள் நிறைந்த நிலத்தில் இதனைவிட ஆபத்தான வழிகாட்டி இருக்க முடியாது. பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடிபொருளில் கை வைத்து உயிரையும் உறுப்பையும் இழந்தவர்களின் செய்திகளை நாம் பல தடவைகள் பிரசுரித்திருக்கின்றோம். அவ்வாறான இன்னொரு செய்தியை எழுத எமக்கு விருப்பமில்லை.

தொழில்முறையில் பயிற்றப்பட்டவர்கள் இப்பணியை எவ்வாறு செய்கின்றனர் என்பதை நோக்கினால் வேறுபாடு நன்கு விளங்கும். ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமான பாதையை அடையாளமிட்டு, முழங்காலில் இருந்தபடி அங்குலம் அங்குலமாக அவர்கள் முன்னேறுகின்றனர். கருவி சரிவர இயங்குகின்றதா என்பதைப் பணி தொடங்கும் முன்னர் மாதிரிப் பொருளொன்றை வைத்துச் சோதிக்கின்றனர். ஒலிக்கும் ஒவ்வோரிடத்தையும், அது வெறும் எறிகணைச் சிதறலாக இருந்தாலும், மிதிவெடியாகவே எண்ணிப் பக்கவாட்டில் இருந்து அகழ்ந்து பார்க்கின்றனர். சிதறல்கள் நிறைந்த நிலத்திலும் உலோகம் குறைந்த மிதிவெடிகள் உள்ள இடத்திலும் உண்மையான உலோகம் கண்டறியும் கருவியே போதாமற் போனதனால், யாழ். குடாநாட்டில் நீண்ட பிடி கொண்ட வாரிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரியெடுத்துத் தேடும் முறை கையாளப்பட்டது. பல இலட்சம் ரூபா பெறுமதியான கருவியை வைத்துக்கொண்டே அதனை முழுமையாக நம்பாதவர்கள் அவர்கள். இலவசச் செயலியை நம்பி நாம் இறங்கலாமா?

ஹலோ ட்ரஸ்ட், மக் ஆகிய சர்வதேச அமைப்புகள் 2002 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இப்பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. உள்நாட்டு அமைப்பான டாஷ் நிறுவனமும் இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் பங்களித்துள்ளன. இவற்றில் பணியாற்றியவர்களுள் யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பப் பொறுப்பைத் தாமே சுமக்கும் வடபகுதிப் பெண்கள் பலர் என்பது குறிப்பிடத்தக்கது. நீண்ட காலமாக முன்னரங்கப் பகுதியாக இருந்த முகமாலையில் அவர்கள் வெயிலில் செய்த பணியினாலேயே இன்று அவ்வழியால் மக்கள் சென்று வருகின்றனர். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்துகொண்டது. 2018 ஜூன் முதலாம் திகதி அது எமது நாட்டைக் கட்டுப்படுத்தலாயிற்று. கண்ணிவெடிகளை அகற்றி முடிப்பதற்கு அவ்வுடன்படிக்கை பத்து ஆண்டு அவகாசத்தையே விதித்திருந்தது. பத்து ஆண்டு அவகாசம் தேவைப்படும் அளவுக்குக் கடினமான பணி ஒன்றை, ஒரு பிற்பகலில் தொலைபேசியோடு செய்து முடிக்கலாம் என்று எண்ணுவது விபரீதமானது.

இது வன்னித் தமிழ் மக்களுக்கு மாத்திரம் உரிய பிரச்சினையல்ல. 1990 ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், யுத்தம் முடிந்த பின்னர் மன்னாரின் முசலி உள்ளிட்ட பகுதிகளுக்குத் திரும்பியபோது தமது காணிகள் காடாகியிருப்பதையே கண்டனர். இரு தசாப்தங்களாக எவரும் காலடி வைக்காத நிலத்தைத் துப்புரவு செய்வதில் அவர்களுக்கும் இதே அச்சம் உண்டு. நிலத்தில் புதைந்த வெடி, மேலே நடப்பவர் எந்த மொழி பேசுபவர், எந்த மதத்தைச் சார்ந்தவர் என்று கேட்பதில்லை.

போலிக் கருவிகளை நம்பியதால் பேரழிவைச் சந்தித்த நாடுகளும் உள்ளன. பிரித்தானிய வர்த்தகர் ஜேம்ஸ் மெக்கோர்மிக் என்பவர் வெடிபொருள்களைக் கண்டறியும் எனக் கூறி ஒரு கருவியை ஈராக் உட்பட பல நாடுகளுக்கு விற்பனை செய்தார். இருபது டொலருக்கும் குறைந்த விலையில் கிடைத்த, கோல்ஃப் பந்தைத் தேடும் விளையாட்டுப் பொருளே அதன் முன்னோடி. பக்தாத்தின் சோதனைச் சாவடிகளில் அதனை நம்பி வாகனங்கள் அனுமதிக்கப்பட்டன. 2013 ஆம் ஆண்டில் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. தொலைபேசிச் செயலியை அதனுடன் முற்றாக ஒப்பிட முடியாது. செயலியில் ஓர் உண்மை உண்டு. அந்தக் கருவியில் எதுவும் இருக்கவில்லை. எனினும் பாதி உண்மையும் ஆபத்தானதே. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் பாடசாலைகளிலும் வணக்கத் தலங்களிலும் பைகளைச் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டதை நாம் அறிவோம். அத்தகைய இடங்களில் உரிய சோதனைக் கருவிக்குப் பதிலாகத் தொலைபேசியைப் பயன்படுத்துவது, சோதனை செய்யாமல் விடுவதைவிட மோசமானது. ஏனெனில் அது பொய்யான நிம்மதியைத் தருகின்றது.

புதையல் தேடுவோருக்கும் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. முன்னர் மை போட்டுப் பார்ப்பவரிடம் சென்று புதையல் இருக்கும் இடத்தைக் கேட்டனர். இன்று அந்த மையின் இடத்தைத் தொலைபேசித் திரை பிடித்துக்கொண்டுள்ளது. இரண்டும் தங்கத்தைக் காட்டப் போவதில்லை. மேலும் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தமது சொந்தக் காணியாயினும் அனுமதிப்பத்திரம் இன்றித் தொல்பொருளைத் தேடி அகழ்வது குற்றமாகும். புதையல் தோண்டச் சென்று பொலிஸாரிடம் அகப்படுவோர் பற்றிய செய்திகள் வந்த வண்ணமே உள்ளன. அதனைவிடக் கவலைக்குரியது, எமது பழைய கோயில்களினதும் பள்ளிவாசல்களினதும் விகாரைகளினதும் சுற்றாடல்கள் இவ்வாறு சிதைக்கப்படுவதாகும்.

கிணற்றடியில் நகை புதைத்த அந்த முதியவரின் நிலை வேறு. அவர் தேடுவது தமது உழைப்பையே. அவருக்கு நாம் கூறக்கூடியது, தொலைபேசியை வைத்துவிடுங்கள் என்பதே. நகையை வைத்த பெட்டி தகரமாகவோ இரும்பாகவோ இருந்தாலன்றி அது பயன்படாது. அப்போதும் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தால் மாத்திரமே பயன்படும். அவரது காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன் பின்னர், தாம் புதைத்ததைத் தேடுவதாகக் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் அறிவித்துவிட்டு, உரிய கருவி உள்ளவர்களின் உதவியை நாடுவதே முறையானது.

இவ்வளவும் கூறியதால், தொலைபேசியின் காந்தமானி பயனற்றது என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அதற்குரிய இடத்தில் அது மிகவும் பயனுள்ளது. சுவரில் துளையிடுவதற்கு முன்னர் மேற்பரப்புக்கு அண்மையில் உள்ள கொங்கிறீட் கம்பியையோ பலகையில் மறைந்திருக்கும் ஆணியையோ கண்டுகொள்ளலாம். ஆனால் செம்பு மின்கம்பியை அதனால் அறிய முடியாது என்பதால், மின்சாரத்தைத் துண்டிக்காமல் துளையிடுவது கூடாது. நிலத்தில் விழுந்த தையல் ஊசியையும், அது உருக்காக இருப்பதனால், அருகில் கொண்டு சென்றால் ஒருவேளை கண்டுபிடிக்கலாம். தங்கத் தோட்டினைத் தொலைத்த பெண்மணிக்கு மாத்திரம் மண்ணைச் சலித்துப் பார்ப்பதே ஒரே வழி. விலை குறைந்த சில தொலைபேசிகளில் காந்தமானியே இருப்பதில்லை. அத்தகைய தொலைபேசியிலும் ஒரு செயலி எண்களைக் காட்டுமாயின் அது வெறும் ஏமாற்று என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இதே உணரியையே கிப்லாவின் திசையைக் காட்டும் செயலிகளும் பயன்படுத்துகின்றன என்பதை எமது முஸ்லிம் வாசகர்கள் கவனத்தில் கொள்வது நன்று. கொழும்பிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே அமைகின்றது. ஆனால் இரும்புக் கட்டில், கொங்கிறீட் தூண், வாகனம் என்பவற்றின் அருகிலோ, காந்தப் பூட்டுள்ள உறையிலோ தொலைபேசி இருக்கும்போது அது காட்டும் வடக்கு பிழைத்துவிடும். அத்தோடு கிப்லாவும் பிழைக்கும். புதிய வீட்டுக்கு அத்திவாரம் இடுவோரும் இதே பிழைக்கு ஆளாகலாம். திறந்த வெளியில், உறையைக் கழற்றி, தொலைபேசியை எட்டு என்ற எண்ணின் வடிவில் சில தடவைகள் சுழற்றிய பின்னர் பார்ப்பதே சரியான வழியாகும். இயலுமாயின் சூரியனின் திசையோடும் அண்மையிலுள்ள பள்ளிவாசலோடும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

செயலிகளைத் தயாரிப்போருக்கும் அவற்றை விநியோகிப்போருக்கும் ஒரு கடமை உண்டு. இது கண்ணிவெடிகளைக் கண்டறியாது என்ற எச்சரிக்கை, செயலியைத் திறந்ததும் தமிழிலும் சிங்களத்திலும் தோன்ற வேண்டும். யுத்தம் நிகழ்ந்த நாடுகளில் அது மேலதிகமான அலங்காரமல்ல. பாடசாலைகளில் காந்தவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், கத்தரிக்கோலையும் மோதிரத்தையும் கொண்டு நாம் செய்த சிறு பரிசோதனையை வகுப்பறையில் செய்து காட்டலாம். பாடத்தோடு பாதுகாப்பும் சேர்ந்து மனதில் பதியும்.

சந்தேகத்துக்கிடமான பொருளொன்றைக் கண்டால் தொடாமல், அசைக்காமல், கல்லெறியாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, மற்றவர்களையும் தடுத்து நிறுத்திவிட்டு, 119 இலக்கத்துக்கோ அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும். தொலைபேசியால் இவ்விடயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவேயாகும். நிலத்தை முகர்ந்து பார்க்க அதனைக் குனிந்து பிடிப்பதைவிட, காதில் வைத்து அறிய வேண்டியவர்களுக்கு அறிவிப்பதே உயிர் காக்கும். காணியைத் துப்புரவு செய்ய ஒரு போகம் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தை எம்மால் பொறுத்துக்கொள்ள முடியும். இழந்த காலுக்கு எந்தப் போகமும் ஈடாகாது என்பதை எமது இளைஞர்கள் மனதில் இருத்த வேண்டும்.